மூன்று வருடமாக ஒரே செட்டப் ஸ்கிரிப்ட்: சேலத்திலும் ஏற்காட்டிலும்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எடை, சேதாரம், கூலி, பழைய வெள்ளிக்குக் கழிவு என்று எல்லாமே கணக்கு. அதனால் டெஸ்ட் (கணக்கு சரியா என்று தானே பார்க்கும் சிறு நிரல்) இல்லாமல் ஒரு வரியைக்கூடத் தொட மாட்டோம். மொத்தம் நான்கு பேர். அஸ்தம்பட்டி அலுவலகத்தில் இரண்டு உபுண்டு (லினக்ஸ்), ஒரு மேக். நான் ஏற்காட்டு வீட்டில், பேட்டரி செத்த பழைய லினக்ஸ் லேப்டாப்போடு. சர்வரில் டெஸ்ட் ஓடுவது, ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் உள்ள கன்டெய்னரில் (தனியாகப் பிரித்து வைத்த சூழலில்).

டெஸ்ட் ஓட ஒரு கணினியை எப்படித் தயார் செய்வது என்று முதலில் பத்துப் பக்கத்துக்கு ஒரு செட்டப் கைடு எழுதினேன். இரண்டே மாதத்தில் அது பழசாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த தம்பி அதை அப்படியே நம்பி மூன்று நாள் உட்கார்ந்தான். அன்றே கைடை அழித்துவிட்டு, அந்தக் கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஒரே ஷெல் ஸ்கிரிப்ட் ஆக்கினோம். ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் இருக்கிறது என்று தமிழில் ஒரு கமென்ட். தப்பாக இருந்தால் டெஸ்டே ஓடாது, அதனால் யாராவது திருத்தித்தான் ஆக வேண்டும்.

முதல் சண்டை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லைப் பற்றியே வந்தது. மேக்கில் எஸ்ஹெச் (sh, பொதுவான ஷெல்) என்று அழைத்தாலும் உள்ளே ஓடுவது பாஷ் என்ற, கூடுதல் வசதிகள் உள்ள ஷெல். மேக் வைத்திருப்பவர் அர்ரே (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் வசதி) போட்டு எழுதினார், அவருக்கு ஓடியது. உபுண்டுவில் 2006 முதலே எஸ்ஹெச் என்றால் டேஷ், ஆல்பைனில் பிஸிபாக்ஸின் ஆஷ். இரண்டிலும் அர்ரே கிடையாது. சரி, பாஷ் என்றே எழுதிவிடலாம் என்றால், மேக்கோடு வரும் பாஷ் இன்னும் பழைய 3.2 பதிப்பிலேயே நிற்கிறது, ஆல்பைனிலோ பாஷே கிடையாது, தனியாகப் போட வேண்டும். கடைசியில் போசிக்ஸில் (எல்லா ஷெல்லுக்கும் பொதுவான தரம்) இருப்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு. மீறினால் ஷெல்செக் என்ற சோதனைக் கருவி பெரும்பாலும் பிடித்துவிடும். கோப்பை அந்த இடத்திலேயே திருத்தும் sed -i கட்டளை மட்டும் அதன் கண்ணில் படவில்லை. மேக்கில் அதற்கு வேறு இலக்கணம்.

என்னை அதிகம் படுத்தியது வாடிக்கையாளர் பட்டியல். பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் டெஸ்ட் என் லேப்டாப்பில் பாஸ், சர்வரில் ஃபெயில். இரண்டு நாள் தேடினேன். சர்வர் அடுக்கியது யூனிகோட் எண்படி, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணின்படி. அப்படி அடுக்கினால் ‘ஜ’ என்பது ‘ச’வுக்குப் பின்னாலேயே வந்துவிடும், ‘வ’வுக்கு முன்னால் ‘ழ’ வந்து நிற்கும். என் லேப்டாப்பின் லொகேல் (மொழி அமைப்பு) தமிழ், அதில் ஜெயராமன்கள் பட்டியலின் கடைசியில். இப்போது ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியே LC_ALL=C, அதாவது எந்தக் கணினியிலும் எண்படியே அடுக்கு என்பது. நிஜமான தமிழ் அகரவரிசையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது, ஷெல்லை நம்புவதில்லை.

நேரமும் அப்படித்தான். விடியற்காலை நான்கு மணிக்குப் போட்ட பில்லுக்கு சர்வர் முந்தின நாள் தேதி போட்டது, அது யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) இருந்ததால். டைம்ஸோனை ஏஷியா/கொல்கத்தா என்று வைத்தும் மாறவில்லை. ஆல்பைனின் அடிப்படை இமேஜில் (கன்டெய்னருக்கான மூலப் பிரதி) tzdata என்ற நேர மண்டலத் தகவல் தொகுப்பு இல்லை என்பதும், அது இல்லாவிட்டால் எந்தப் பிழையும் காட்டாமல் யூடிசியிலேயே ஓடும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த வரிக்கு மேலே இருக்கும் கமென்ட்டைக் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை env -i போட்டு, யாருடைய சொந்த அமைப்பும் இல்லாத வெறும் சூழலில் ஓட்டிப் பார்ப்போம். யாராவது தன் ப்ரொஃபைலில் (சொந்த அமைப்புக் கோப்பு) ஒளித்து வைத்திருக்கும் பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) அப்போதுதான் வெளியே வரும்.

குறை இல்லாமல் இல்லை. நாற்பது வரியில் தொடங்கியது நூற்று நாற்பதாகிவிட்டது, பாதிக்கு மேல் கமென்ட். அப்புறம், ஏற்காட்டில் மழைக்காலத்தில் கரன்ட் போனால் என் லேப்டாப் பொட்டென்று அணைந்துவிடும். ஸ்கிரிப்ட் முடியும்போது சுத்தம் செய்யச் சொல்லி வைத்த ட்ராப் கட்டளைக்கு அந்த நேரத்தில் ஓட வாய்ப்பே இல்லை. ப்ராஜெக்டுக்குள் பாதி எழுதிய டேட்டாபேஸ் அப்படியே கிடக்கும், அடுத்த ஓட்டத்தில் இருபது டெஸ்ட் ஃபெயில். அதனால் தொடங்கும்போதே பழைய கோப்புகளைப் பெருக்கித் தள்ளும் வரி ஒன்று சேர்த்தேன். அதன் கமென்ட், “ஏற்காடு கரன்ட்டுக்காக”. அலுவலகத்தில் யுபிஎஸ் உண்டு, இந்த வரி எதற்கு என்று மேக்காரர் வருடத்துக்கு இரண்டு முறை அதை எடுக்கப் பார்க்கிறார்.