பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்ப்பதா, புதிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர் வாங்குவதா?

சென்ற டிசம்பரில் கரோல் ஒத்திகையின் நடுவே என்னுடைய 30 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஒலி திடீரென்று பாதியாகக் குறைந்தது. பெட்டியின் மேல் தட்டியதும் முழுதாகத் திரும்பியது. அடுத்த பாட்டு முடிவதற்குள் மறுபடியும் காணாமல் போயிற்று. பதினான்கு ஆண்டுகள் உழைத்த டிரான்சிஸ்டர் பெட்டிக்கு இனியும் செலவு செய்ய வேண்டுமா, டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கிவிடலாமே என்று குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இரண்டையும் ஒரு வாரம் எடைபோட்டுவிட்டுப் பழுது பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

வசதி என்று பார்த்தால் புதியதற்கே வெற்றி. 2016இல் வந்த, பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்றவற்றில் பல வகை ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியும், எதிரொலி போன்ற எஃபெக்ட்களும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. கணினியில் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். இதில் வாதிட எதுவுமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடிகிறதா என்பது.

தட்டினால் ஒலி வருகிறது என்றால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். முதலில் கிட்டார் கார்டை (கேபிளை) மாற்றிப் பார்த்தேன். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும், என்னுடையது தீரவில்லை. அடுத்து, பின்பக்கத்தில் எஃபெக்ட்களுக்கென்று இருக்கும் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகளை ஓரடி நீளமுள்ள பேட்ச் கார்டால் இணைத்தேன். ஒலி முழுதாக வந்துவிட்டது. ரிட்டர்ன் ஜாக்குக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. எதுவும் செருகப்படாதபோது, ஒலியைத் தயார் செய்யும் முன்பகுதியிலிருந்து ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதிக்குச் செல்லும் சிக்னல் முழுவதும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் போகிறது. பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் பயன்படுத்தாத ஜாக் அது. கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத வீட்டின் உப்புக் காற்றில் அந்தத் தகடு கறுத்துப் போயிருந்தது. பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது: இன்புட் ஜாக்கின் கால் ஒன்றைச் சுற்றி, ஈயப் பற்றில் முடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். ஸ்பீக்கரும் சர்க்யூட்டும் ஒரே பெட்டியில் அதிரும்போது இந்த விரிசல் மிகச் சாதாரணம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய இரண்டு ஜாக்குகள், ஒரு காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, மெக்கானிக்கின் கூலி ஆகியவற்றோடு செலவு முடிந்தது.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதாக அமையாது என்பது உண்மைதான். ஆனால் பெரிய பழுதுகளும் இந்தப் பழைய பெட்டிகளில் ஒளிந்துகொள்வதில்லை. வால்யூமைக் குறைத்தாலும் குறையாத உறுமல் கேட்டால், பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவை வந்த முனைகளில் மல்டிமீட்டரை வைக்கும்போது சில பத்து மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக இருபது முப்பது வோல்ட் டி.சி. மின்னழுத்தம் காட்டினால், ஸ்பீக்கரை இயக்கும் சிப்பான அவுட்புட் ஐ.சி. பெரும்பாலும் போயிருக்கும். புதிய ஐ.சி. போட்டதும் நேரடியாகப் பிளக்கில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம்: பல்பு ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. டி.டி.ஏ.7293 போன்ற ஐ.சி.க்களின் முதுகுத் தகடு எதிர்மின் சப்ளையோடு இணைந்திருப்பதால், அதற்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் இடையே மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு கட்டாயம் வேண்டும். அதை வைக்க மறந்த அவசரக்காரர்கள் புதிய ஐ.சி.யையும் அன்றே எரித்துவிடுவார்கள். போலி ஐ.சி.க்களும் சந்தையில் உலவுகின்றன. விலை சந்தேகத்துக்குரிய அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காமல் வருவதே மேல்.

புதிய வகையின் கதை இப்படியில்லை. எங்கள் பேஸ் கிட்டார் கலைஞரின் மாடலிங் ஆம்ப்ளிஃபையர், வாரண்டி முடிந்து எட்டாவது மாதத்தில், விளக்கு எரிந்தும் ஒலி வராமல் நின்றது. பிராசஸர், மெமரி, இன்புட் பகுதி எல்லாம் அரிசியைவிடச் சிறிய பாகங்களோடு ஒரே போர்டில் இருந்ததால், சேவை மையத்தில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை புதியதன் விலையில் ஏறக்குறையப் பாதி. அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டார். அந்த நிலையில் அதை வாங்கவும் ஆளில்லை. இது ஒரே ஓர் அனுபவம் என்பதை மறைக்கவில்லை. பத்தாண்டுகள் சிக்கலின்றி ஓடும் பெட்டிகளும் இருக்கக்கூடும், ஆனால் அப்படி ஒன்றோடு நான் வாழ்ந்து பார்த்ததில்லை. வாரண்டிக் காலம் வரை ஓடினால் போதும் என்பவர்கள் யோசிக்காமல் புதியதையே வாங்கலாம்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். அதில் என் அனுபவம், நண்பர் ஒருவரின் 15 வாட் பெட்டிக்கு இரண்டு இ.எல்.84 வால்வுகளை மாற்றியபோது பக்கத்தில் நின்றதோடு சரி. வால்வைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி மாற்றுவது எளிது. ஆனால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

என்னுடைய பெட்டியிலும் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் முடிவை மாற்றியிருப்பேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்ளிஃபையரை நம்முடைய 230 வோல்ட்டில் செருகிவிட்டு வருபவர்களுக்கும் ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்று எரிந்திருந்தால், புதிதாகச் சுற்ற ஆகும் செலவைக் கேட்ட பிறகே பழுது பார்ப்பது பற்றி யோசிக்க வேண்டும். கரோல் இரவில் என் பெட்டி மூன்று மணி நேரம் தடங்கலில்லாமல் ஓடியது, ஆனாலும் அந்த ஓரடி பேட்ச் கார்டை இன்னும் கிட்டார் பையிலிருந்து எடுக்கவில்லை.