150 வாட் எலக்ட்ரோனிக் லோட்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

எலக்ட்ரோனிக் லோட் என்பது பற்றரி, பவர் சப்ளை போன்றவற்றிலிருந்து நாம் சொல்லும் அளவு கரண்டை இழுத்துச் சோதிக்கும் கருவி. கல்முனையில் பற்றரி பேக் கட்டும் நண்பர் அதைப் பற்றிக் கேட்டிருந்தார்: "வீட்டு மேசைக்கு 150 வாட் போதுமா அண்ணன், 300 எடுக்கவா?" 120 வோல்ட், 30 அம்பியர் என்று வரும் வழமையான 150 வாட் வகையை மட்டக்களப்பில் இரண்டு வருடம் பாவித்த அளவில் இந்தப் பதில்.

வாட் கணக்கு லேசு. 12.8 வோல்ட் பேக்கில் 10 அம்பியர் இழுத்தால் 128 வாட். 24 வோல்ட் சோலர் பற்றரியில் 6 அம்பியர் தாண்டினாலே எல்லை வந்துவிடும்; அந்த வேலை இருப்பவர் 300க்குப் போகட்டும். ஆனி, ஆடி வெக்கையில் 34 பாகை அறைக்குள் 110 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள், சூடேறி நடுவில் நின்றுவிடும். 30 அம்பியரையும் அப்படியே நம்பவேண்டாம். உள்ளே 0.1 ஓம் இருந்தால் 30 அம்பியருக்குக் குறைந்தது 3 வோல்ட் தேவை. ஒற்றை லிதியம் செல்லை அந்த வேகத்தில் 2.5 வோல்ட் வரை இறக்க முடியாது.

கோபம் வருவது சென்ஸில், அதாவது செல்லின் முனையிலேயே வோல்டேஜைப் படிக்கத் தனி வயர் பூட்டும் வசதியில். ஓன் பண்ணும் ஒவ்வொரு முறையும் சென்ஸ் ஓஃப் ஆகவே எழும்புகிறது. சென்ஸ் வயர் செல்லில் பூட்டியிருந்தாலும், மெனுவுக்குள் மூன்று படி போய் ஓன் பண்ணாவிட்டால் லோட் தன் முகப்பு முனையில் வரும் வோல்டேஜைத்தான் படிக்கும். எச்சரிக்கை கிடையாது; திரை மூலையில் ஒரு சின்ன அடையாளம் இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான்.

லாப்டொப்பில் கழற்றிய 18650 லிதியம் செல் ஒன்றைப் பாருங்கள். 0.2 அம்பியரில் 3.92 வோல்ட், 2.2 அம்பியரில் 3.78. வித்தியாசம் 0.14, அதை 2 அம்பியரால் பிரித்தால் செல்லின் உள்தடை 70 மில்லி ஓம். சென்ஸ் ஓஃப் என்றால் அதே செல் 3.91, 3.70 காட்டும், 105 மில்லி ஓம். கூடிய 35இல் 24, இரு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் 1.5 சதுர மில்லிமீற்றர் வயருடையது. மிச்சம் முதலைக் கிளிப். கல்லடிக் கடற்காற்றில் கிளிப் பச்சை பூக்கும், அதன் தடை நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஒரு தொகையைக் கழித்துச் சமாளிக்கவும் வழியில்லை. உள்தடை கூடிய செல் என்று நினைத்து நல்ல செல் குப்பைக்குப் போகிறது!

கரண்ட் போனால், லோட் அதுவரை எண்ணிய அம்பியர்-மணிக் கணக்கும் அழியும். 7 அம்பியர்-மணி யூபிஎஸ் பற்றரியை 0.35 அம்பியரில் 10.5 வோல்ட் வரை இறக்க 20 மணித்தியாலம். பதினைந்தாவதில் கரண்ட் போனால் முழுவதும் வீண். லோட்டை ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் கொடுங்கள்.

நேர் வயரில் 15 அம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பற்றரியை நேர், எதிர் மாற்றிக் கொடுத்தால், லோட்டுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் மொஸ்ஃபெட்டின் உள் டயோட் வழியே கரண்ட் கட்டுப்பாடில்லாமல் பாயும், ஓஃப் பட்டன் உதவாது. இரண்டு வயரையும் முறுக்கியே விடுங்கள். விரிந்து கிடந்தால் சில பவர் சப்ளைகளோடு கரண்ட் ஆடத் தொடங்கும்.

அளக்கும் துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10 மில்லி அம்பியரிலும் நல்ல மீற்றரோடு ஒத்துப்போகிறது. பழைய சோலர் பெனலை, வோல்டேஜைப் பிடித்துவைக்கும் நிலையில் 0.5 வோல்டாக நகர்த்தி வோல்டேஜ்-கரண்ட் வளைவு எடுக்க இதைவிட வசதியான சாமான் மேசையில் இல்லை.

என்றாலும் இன்றைக்குக் கேட்டால், இதை வாங்கவேண்டாம். கடையில் சென்ஸை ஓன் பண்ணி, பிளக்கைக் கழற்றித் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். ஓன் ஆகவே எழும்பும் 150 வாட் லோட் எதுவென்றாலும் உங்கள் வேலைக்குப் போதும், தம்பி.