"பேரு மேட்ச் ஆகல" என்று சொல்லி பி.எஃப். பணத்தை அமுக்குகிறார்கள்: கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஆறு மாத, பதினொரு மாத கான்ட்ராக்ட் வேலைக்குச் சேரும் அன்று ஆதார், பான், பேங்க் பாஸ்புக் மூன்றையும் வாங்கிப் பார்ப்பார்கள். "பேரு மேட்ச் ஆகல தம்பி, பி.எஃப். ஏறாது. நீ வேலைய ஆரம்பி, நாங்க பாத்துக்குறோம்" என்பார் ஏஜென்சிக்காரர், அதாவது கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். ஏமாற்று அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்படிச் சேர்ந்த ஒரு பையனுக்கு நடந்தது இது. அடிப்படைச் சம்பளம் 15,000. சம்பளச் சீட்டில் மாதாமாதம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பி.எஃப். என்று பிடித்தார்கள். ஆறு மாதத்தில் 10,800. வேலை முடிந்து எடுக்கப் போனால் அவர் பெயரில் யூ.ஏ.என். எண்ணே (பி.எஃப். கணக்குக்கு ஒவ்வொருவருக்கும் உள்ள நிரந்தர எண்) உருவாகவில்லை. முதலாளி பங்காக வர வேண்டிய இன்னொரு 10,800-ம் இல்லை. கேட்டதற்கு, "உன் ஆதார்ல தப்பு, நாங்க என்ன பண்றது?" என்று கைவிரித்தார்கள். திருத்தம் செய்து தருவதாகச் சொல்லித் தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்களிடமே கிடக்கிறது.

பெயர் பொருந்தாமல் போவது உண்மைதான். நம் ஊரில் அது எல்லோருக்கும் வரும். பள்ளிச் சான்றிதழில் "எம். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் எம்". பான் விண்ணப்பம் வெறும் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அதனால் அதில் "முருகன் கார்த்திக்". பேங்கில் வெறும் "கார்த்திக்". நாலும் ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு நாலு பேர். ஆதாரோடு இணைந்த யூ.ஏ.என். இல்லாமல் முதலாளியால் பணம் கட்டவே முடியாது. ஆனால் கட்ட முடியாத பணத்தைச் சம்பளத்தில் பிடிக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம்.

ஆகவே வேலை தேடும் முன்பே பெயரைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் அப்பா பெயரை விரித்துப் போட்டுக்கொள்வதே நல்லது. அதுதான் எல்லா இடத்திலும் செல்லும். தாலுகா அலுவலக ஆதார் மையத்திலோ தபால் நிலையத்திலோ 75 ரூபாய்தான் கட்டணம். பெயரை ஆயுளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். அதனால் திரையில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். 'டி'யா 'டிஹெச்'சா என்பதில்தான் பாதிப் பேருக்குச் சிக்கல் வருகிறது. செல்போன் எண்ணையும் அப்போதே புதுப்பித்துவிடுங்கள், அதற்குச் சான்று எதுவும் வேண்டாம். ஆதார் சரியானதும் பான், அடுத்து பேங்க்.

யூ.ஏ.என். எண்ணுக்கு ஏஜென்சியை நம்பியிருக்கத் தேவையில்லை. மத்திய அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி நீங்களே உருவாக்கலாம். சாயப்பட்டறை, கட்டட வேலையில் ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஏற்கெனவே எண் இருந்தால் அதையே கொடுங்கள். பழைய வேலையை மறைத்து இன்னொன்று போட்டால் பிற்பாடு இரண்டையும் இணைக்கத் தலைவலிதான்.

ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். காட்டலாம், உடனே திரும்ப வாங்கிவிட வேண்டும். ஜெராக்ஸ் கொடுத்தால் அச்சின் குறுக்கே நிறுவனத்தின் பெயர், "வேலைக்கு மட்டும்", தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம். "ஆதார் வெரிஃபிகேஷன்" என்று சின்ன ரேகை மெஷினை நீட்டினால் எதற்கு என்று கேளுங்கள். ஆதார் இணைந்த பேங்க் கணக்கிலிருந்து ரேகையை வைத்தே பணம் எடுக்க முடியும், ஓ.டி.பி.கூட வராது. ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை லாக் செய்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் திறங்கள். ரேகை எங்கெல்லாம் பயன்பட்டது என்ற ஆறு மாத விவரமும் அங்கே கிடைக்கும்.

ஒரு மாதப் பி.எஃப். பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக வந்த தொகையும் இருப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். பி.எஃப். குறைதீர் தளத்தில் யூ.ஏ.என். இல்லாதவர்களும் "மற்றவர்" என்ற பிரிவில் புகார் போடலாம். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கும் பி.எஃப். முகாமில் நேரிலும் கொடுக்கலாம். புகாரில் கான்ட்ராக்டர் பெயரோடு நீங்கள் வேலை பார்த்த கம்பெனி பெயரையும் எழுதுங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் கட்டியாக வேண்டும். அதற்குச் சம்பளச் சீட்டு, கேட் பாஸ், அட்டெண்டன்ஸ் கார்டு மூன்றின் போட்டோவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வேலையை விட்டதும் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள், சேர்ந்த அன்றே எடுத்து வையுங்கள்.