பைலட் பேரலல் பேனா: தமிழுக்கு வாய்த்த அகல முனை

எழுத்துக்கலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது ஜப்பானின் பைலட் பேரலல் பேனாவைத்தான், அதிலும் பச்சை மூடி போட்ட 3.8 மி.மீ. அளவை. இதில் கூர்முனை கிடையாது. இரண்டு தட்டையான உலோகத் தகடுகளுக்கு நடுவே மை இறங்குகிறது.

முனையைக் கிடையாகப் பிடித்து 'ப' எழுதிப் பாருங்கள்: இரு தூண்களும் தடித்து நிற்கும், அடிக்கோடு மயிரிழையாக ஓடும். 45 பாகை சாய்த்தால் தூணும் கோடும் ஒரே தடிமனுக்கு வந்துவிடும். 'ழ'வின் வால் வளையும்போது கோடு இளைத்து மீண்டும் பருப்பதைப் பார்ப்பதே தனிச் சுகம். வேறு நிறப் பேனாவின் முனையைத் தொட்டு எழுதினால், அந்த நிறத்தில் தொடங்கும் எழுத்து மெல்லச் சொந்த நிறத்துக்குத் திரும்பும்.

வடிவங்களுக்கு எங்கும் அலைய வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலக் கல்வெட்டு வரிகள் ஓடுகின்றன. அந்த உளியின் நிதானம் என் எழுத்துகளுக்கு இடையிலான வெளியையே மாற்றிவிட்டது.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவான நோட்டில் மை பரவி ஓரம் கெடும். பெட்டியில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பத்திரப்படுத்துங்கள், காய்ந்த மையை அதுதான் எடுக்கும். பொடி எழுத்துக்கு இது ஒத்துவராது. அதற்குச் சிவப்பு மூடியுள்ள 1.5 இருக்கிறது.