ஊர் வசூலில் ஆம்புலன்ஸ்: ஈக்கோவா, டிராவலரா?

"நம்ம ஊருக்குன்னு ஒரு ஆம்புலன்ஸ் வாங்குவோம்" என்று கோயில் மண்டபத்தில் பேச்சு எடுத்தால், பத்து நிமிடத்தில் கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும். "108 இருக்கையில எதுக்குப்பா தனி வண்டி?" என்று ஒரு பக்கம். "அது வந்து சேர்றதுக்குள்ள?" என்று மறுபக்கம். இரண்டும் பாதி சரி. 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108-க்குக் கட்டணம் கிடையாது, உள்ளே பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருப்பார். விபத்து, நெஞ்சுவலி, பாம்புக்கடி என்றால் முதல் போன் அங்கேதான் போக வேண்டும். பிரசவம் முடிந்த தாயையும் பிள்ளையையும் வீட்டில் விட 102 இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவர் உடலைக் கொண்டுவர 155377, அமரர் ஊர்தி.

இதெல்லாம் போக மிச்சம் என்ன? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்தபடியே வீடு திரும்புவது. ஸ்கேனுக்குப் போய்வருவது. ஊர் வண்டிக்கு நிஜமான வேலை அங்கேதான். சின்ன மாருதி ஈக்கோவா, பெரிய ஃபோர்ஸ் டிராவலரா என்பதை அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் கட்டமைப்புக்கான ஏஐஎஸ் 125 விதியில் நான்கு வகை உண்டு. ஏ, முதலுதவி வண்டி. பி, நோயாளியை ஏற்றிச் செல்வதற்கு மட்டும். சி, அடிப்படை உயிர்காப்பு. டி, உயர் உயிர்காப்பு. ஊர்க் கமிட்டிகள் ஆசைப்படுவது டி. தேவைப்படுவது பி. வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்த ஆள் இல்லாத வண்டியில் வென்டிலேட்டர் வெறும் பாரம்.

மாருதி ஈக்கோ ஆம்புலன்ஸ் பெட்ரோல் வண்டி, 1.2 லிட்டர் எஞ்சின். அகலம் 1,475 மில்லிமீட்டர்தான் என்பதால் தேர் திரும்பாத தெருவிலும் வீட்டு வாசல்வரை போகும். பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் மழையில் ஸ்ட்ரெச்சர் ஏற்றும்போது அதுவே கூரை. குறை, உள்ளே உயரம் போதாது. பக்கத்து இருக்கையில் உட்காரலாம், நிமிர முடியாது. ஓடும் வண்டியில் நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்வது நடக்காத காரியம். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் நீண்ட ஓட்டத்தில் டிரைவருக்குச் சூடு ஏறும்.

ஃபோர்ஸ் டிராவலர் டீசல். உள்ளே உதவியாளர் தாராளமாக நடமாடலாம், தலைமாட்டில் இருக்கை போடலாம், உறவினர் இரண்டு பேர் கூட வரலாம். ஆனால் அகலம் சுமார் 2 மீட்டர். இருபுறமும் பைக் நிற்கும் தெருவில் முனையிலேயே நிற்கும். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப்போக நாலு ஆள் வேண்டும். 30 கிலோமீட்டருக்குள் டயாலிசிஸ் மையம் இருந்தால் ஈக்கோவே போதும். 100 கிலோமீட்டர் தள்ளி உள்ள மெடிக்கல் காலேஜுக்குத்தான் அடிக்கடி ஓட்டம் என்றால் டிராவலர்.

எந்த வண்டியானாலும் ஏமாற்றுவது ஆக்சிஜன்தான். பி டைப் சிலிண்டர் (வண்டியின் பி வகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; 10 லிட்டர் கொள்ளளவு) நிரம்பியிருந்தால் அழுத்த மீட்டரில் சுமார் 150 பார் காட்டும். அதைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு: 1,500. நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம். மீட்டர் 50-ல் நின்றால் 50 நிமிடம்தான். அந்த நிலையில் இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பக் கூடாது. வால்வைத் திறந்தால்தான் மீட்டர் உண்மையைச் சொல்லும், மூடியிருக்கையில் பார்ப்பதில் பயனில்லை. வாஷர் தேய்ந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கசிந்து காலியாகும், சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். இறுகிப்போன வால்வுக்கு எண்ணெய் விடுவது பெரிய ஆபத்து: ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். வால்வு சாவியைச் சிலிண்டரிலேயே சங்கிலி போட்டுக் கட்டுங்கள். காணாமல் போகும் முதல் பொருள் அதுதான்.

இனி காசு. வண்டி வாங்க வசூல் ஆகிவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். பக்கவாட்டில் பெயர் போடுகிறோம் என்றால் நன்கொடை தானாக வரும். (பெயர்ப் பட்டியலில் 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தைத் தேட வேண்டியிருக்கும் வண்டிகள் ஏராளம்.) டிரைவர் சம்பளத்துக்கு யார் பெயர் போடுவது? ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால், ஒரு ஸ்டியரிங்குக்கே மூன்றரை ஆள். பெரும்பாலான ஊர்களில் ஒரே டிரைவர், தலையணைக்கடியில் போன், சில மாதத்தில் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆள் கிடைக்காவிட்டால் காலை 6 முதல் இரவு 10 வரைதான் என்று பலகை வைத்துவிடுவது மேல். இரவில் வரும் என்று நம்பவைத்து வராமலிருப்பதுதான் கெடுதல்.

பயன்படுத்துகிறவர் "டீசல் போட்டால் போதும்" என்ற வழக்கமும் வண்டியை மெல்லக் கொல்லும். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) இதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமில்லை. ஆம்புலன்ஸுக்கு பெர்மிட் வேண்டாம், எஃப்சி வேண்டும்; அது தீர்ந்துபோன வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டில் சிக்கல் வரும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற ஊருக்கு இது புதிதல்ல. 300 தலைக்கட்டு, மாதம் 100 ரூபாய் என்றால் 30,000. சம்பளம் அதிலிருந்து. எரிபொருளும் தேய்மானமும் கிலோமீட்டர் கணக்கில் பயன்படுத்துகிறவரிடம், விலைப்பட்டியலை உள்ளேயே ஒட்டிவைத்து.

ஒரு சின்ன விஷயம் மட்டும் முதல் நாளே முடிவாக வேண்டும். வண்டியில் எழுதும் நம்பர் டிரைவரின் சொந்த நம்பராக இருக்கக் கூடாது. அவர் போனால் நம்பரும் போய்விடும். கமிட்டி பெயரில் ஒரு சிம், ஒரு பட்டன் போன். டூட்டி மாறும்போது சாவியோடு சேர்த்து அதுவும் கை மாறட்டும்.