கர்ப்பப்பை எடுத்தபின் கசிவா? மூன்று பஞ்சுச் சோதனை எவ்வளவு நம்பலாம்

ஆபரேஷன் முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் பெண்ணுறுப்பு வழியாகத் தண்ணீர் போல ஒழுக ஆரம்பித்தால், வெள்ளைப்படுதல் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். அது ஓட்டை வழியாகக் கசியும் சிறுநீராகவும் இருக்கலாம்; மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியது இந்த மூன்று பஞ்சுச் சோதனையைத்தான். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஓபியிலேயே முடிந்துவிடும்.

மூன்று காஸ் பஞ்சுகளை உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பார்கள். ஃபோலி டியூப் (சிறுநீர் எடுக்கப் போடும், நுனியில் பலூன் உள்ள குழாய்) வழியாக மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்த சலைன் 200 முதல் 300 மி.லி. சிறுநீர்ப்பைக்குள் போகும். 10, 15 நிமிடம் நடந்து, இருமிவிட்டு வந்தபின் பஞ்சுகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதே வரிசையில் ட்ரேயில் வைக்க வேண்டும். மேல் பஞ்சோ நடுப் பஞ்சோ நீலமானால் சிறுநீர்ப்பையில் ஓட்டை. மேல் பஞ்சு நனைந்தும் நீலம் ஏறவில்லை என்றால் சந்தேகம் யூரேட்டர் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்) மேல்.

கோட்டை விடுவது பெரும்பாலும் கீழ்ப் பஞ்சில். டியூபைச் சுற்றி வழிந்த நீலமும், சாயம் தொட்ட கையுறையும் அதில் கறையாகி, இல்லாத ஓட்டையைக் காட்டும். பலூனை ஊதி மெல்ல இழுத்துப் பிடித்து, கையுறை மாற்றிவிட்டுப் பஞ்சை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கீழ்ப் பஞ்சில் மட்டும் கறை இருந்தால் திரும்பச் செய்து பார்ப்பதே சரி. இன்னொரு பொறி: சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறவர்களுக்கு யூரேட்டர் ஓட்டையிலிருந்தும் நீலம் வரும்.

யூரேட்டரைப் பிடிக்க, சில மணி நேரம் முன்பே ஃபெனசோபிரிடின் மாத்திரை கொடுப்பார்கள். சிறுநீர் ஆரஞ்சாகும் (துணியில் பட்டால் லேசில் போகாது). பஞ்சில் ஆரஞ்சு மட்டும் என்றால் யூரேட்டர். நீலமும் சேர்ந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஓட்டை இருக்கலாம். அதனால் நீலம் வந்ததோடு நிறுத்தாமல், தாமதப் படங்களோடு சிடி யூரோகிராமும் (சிறுநீர்ப் பாதையைக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுக்க வேண்டும். ஸ்கேனுக்காக ஊசியில் போடும் மருந்து யூரேட்டருக்கு இறங்கும்வரை காத்திருக்காமல் எடுத்த சாதாரண வயிற்று சிடி, கசிவைத் தவறவிடலாம்.

மூன்று பஞ்சிலும் நிறமே இல்லை, ஒழுகலும் நிற்கவில்லை என்றால்? ஒழுகும் நீரைப் பிடித்து கிரியேட்டினின் (சிறுநீரில் அதிகம் இருக்கும் கழிவுப் பொருள்) பார்க்க வேண்டும். ரத்த அளவைவிடப் பல மடங்கு இருந்தால் சிறுநீர்தான், சோதனை தவறவிட்டிருக்கிறது. ரத்த அளவையே ஒட்டி இருந்தால் அது சிறுநீரல்ல. அப்போது தையல் போட்ட இடத்தை ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) வைத்து நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். கருக்குழாயின் நுனி அங்கே சிக்கி வெளியே தலைகாட்டுவது அரிது. பார்த்தால் ஆறாத சிவந்த சதை மாதிரியே இருக்கும். சில்வர் நைட்ரேட் என்ற மருந்தை வைத்துச் சுட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, பிடித்து இழுத்தால் அடிவயிறு சுண்டுகிறது என்றால் இதை நினைக்க வேண்டும். பயாப்ஸி சொல்லிவிடும்.

எவ்வளவு நம்பலாம் என்றால், இந்தச் சோதனைக்குச் சிறுநீர்ப்பை ஓட்டையில் 5க்கு 4 தருவேன், யூரேட்டருக்கு 2தான்.

காய்ச்சலோடு இடுப்புப் பக்கம் வலித்தால் சோதனைக்கு நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள். அன்றே அல்ட்ராசவுண்டில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம்) குறைபாடு உள்ளவர்கள், மெத்திலின் ப்ளூ, ஃபெனசோபிரிடின் இரண்டுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.