வீட்டுக்கே வந்து பிரேக் பேடு மாற்றுகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

வீட்டுக்கே ஆள் அனுப்பி பிரேக் பேடு மாற்றித் தருகிறோம் என்று போனில் விளம்பரம் வருகிறதல்லவா? அப்படி வந்த ஒருவர் என் வண்டியில் டூப்ளிகேட் பேடைப் போட்டுவிட்டு ஒரிஜினலுக்கான காசை வாங்கிக்கொண்டு போனார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்த பேடை நம்பி அம்மாவை ஏற்றிக்கொண்டு வால்பாறையிலிருந்து மலை இறங்கியிருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பொள்ளாச்சியில். வண்டி ஏழு பேர் போகிற டீசல் எஸ்யூவி. பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம் கேட்டது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடு தேய்ந்து கடைசிக்கு வரும்போது அதிலிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கொடுக்கிற எச்சரிக்கை அது. புது பேடில் பொதுவாகப் பத்து மில்லிமீட்டரை ஒட்டி உராய்வுப் பூச்சு இருக்கும், மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

வந்தவர் முதலில் பானெட்டைத் திறந்தார். "பிரேக் ஆயில் ரொம்பக் கொறஞ்சிருக்குங்கண்ணா" என்று ஒரு பாட்டிலை உடைத்து மேல்கோடு வரை ஊற்றினார். இதுவே முதல் ஏமாற்று. பேடு தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வருவதால் டப்பாவில் ஆயில் மட்டம் தானாக இறங்கும். புது பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அதே ஆயில் திரும்ப மேலே ஏறிவிடும். எங்கள் வண்டியில் அது நிரம்பி வழிந்து இன்ஜின் அறையில் கொட்டியது. பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும், அதைத் துடைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

பேடு பெட்டி ஏற்கெனவே பிரித்திருந்தது. கேட்டதற்கு, "பெட்டி கிழிஞ்சு போச்சுங்கண்ணா, சரக்கு புதுசுதான்" என்றார். பழைய பேடைக் கொடுங்கள் என்றேன். "அது எதுக்குங்கண்ணா, கைதான் அழுக்காகும்" என்று பையில் போட்டுக்கொண்டார். பில்லில் பேடு, ஆயில், கூலி இதற்கெல்லாம் மேலே டிஸ்க் கடைசல், அதாவது டிஸ்க்கின் பரப்பைச் சீவிச் சமமாக்கியது என்று தனியாக ஒரு தொகை. டிஸ்க்கைக் கடைய வேண்டுமென்றால் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது வண்டியிலேயே மாட்டிக் கடைகிற மிஷின் வேண்டும். இவர் பையில் இருந்தது ஒரு துண்டு உப்புத்தாள்.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். சின்ன கியரில்தான் இறங்கினேன். பாதி மலையிலேயே பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. காட்சிமுனை இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு வரும்போது கருகல் வாடை, பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறைய மறுத்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரம் பக்கத்தில் போக முடியாத அளவுக்குக் கொதித்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். சூடு ஆறும்வரை காத்திருந்து, முதல் கியரிலேயே ஊர்ந்து கீழே வந்தோம்.

மறுநாள் வீட்டிலேயே சக்கரத்தைக் கழற்றினோம். சித்தப்பா ரொம்ப காலம் லாரி ஓட்டியவர், பட்டறை வேலையும் தெரியும். பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிற காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு இரும்புப் பின் (pin) இருக்கும். அதில் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "கிரீஸ்ங்கறதே இதுல இல்லடா" என்றார். அந்த பின் (pin) நகராததால் உள்பக்க பேடு மட்டும் டிஸ்க்கை விடாமல் உரசியிருக்கிறது. பேடைத் திருப்பிப் பார்த்தால் பின்தகட்டில் கம்பெனி பெயரும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. ஓரமெல்லாம் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. பேடு ஆடாமல் பிடிக்கிற கிளிப்புகளையும் காணோம். மட்டமான பேடில் உள்ள பிசின் சூடேறினால் வாயுவாகக் கசியும், பிடிப்பு போய்விடும். மலையில் பெடல் ஏமாற்றியது அதனால்தான்.

புதிதாக வாங்கிய பேடுக்கு சீல் உடையாத பெட்டி. அதில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் அச்சாகியிருந்தன. இவை இருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டியிலுள்ள நம்பரும் பேடில் உள்ள நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதைவிடத் தேய்ந்திருந்தால் கடைசலே கூடாது.

நீங்களே மாற்றுவதென்றால் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லூஸ் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்க விடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். அந்த ஆள் தொங்கவிட்டுத்தான் வேலை செய்தார், அப்பா பார்த்திருக்கிறார். முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும் பழைய பேடு, புதுப் பெட்டி இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். "ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும் சார்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பில்லையும் போட்டோக்களையும் வைத்துப் புகார் கொடுத்த பிறகு பேடுக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. செய்யாத கடைசலுக்கும் தேவையில்லாத ஆயிலுக்கும் வாங்கியதைத் தர மாட்டார்களாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட்டால் போதும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அந்த டூப்ளிகேட் பேடுகளை ஒரு கவரில் கட்டி பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மனு இந்த வாரம் போகிறது.